பூனை முன்மொழிந்த தலைவர்

எங்கள் தாமான் குடியிருப்பில் மனிதன் உயிரோடு இருக்கும்வரை யாரும் அவனைக் கண்டுகொள்ள மாட்டோம். செத்தால் மட்டும் ஒரு குறை வைக்க மாட்டோம். பெட்டி, வேன், கூடாரம், நாற்காலி, மேளம், பூசாரி, வருகிறவர்களுக்குத் தேநீர் என்று எல்லாவற்றையும் மரண சகாயச் சங்கம் பார்த்துக்கொள்ளும். கோத்தா திங்கியைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். தோட்டம் கைமாறி, குடும்பங்கள் வெளியே வந்தபோது தொடங்கிய சங்கம் அது. நான் அதன் செயலாளர். செயலை ஆள்பவள் என்று அதற்கு நான் பொருள் வைத்திருந்தேன். சங்கத்தாரைக் கேட்டால், கூட்டத்துக்கு மீ கோரேங் நூடுல்ஸ் சொல்லி வைக்கிறவள் என்பார்கள்.

பகலில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆனால் ஊரில் யாராவது கண்ணை மூடினால் முதல் போன் எனக்குத்தான் வரும். ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பூசாரி குடிக்காமல் வருவார், எந்த வீட்டு வாசலில் வேன் திரும்பாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மயானத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. ஜொகூர் பாருவில் பெண்கள் மின் சுடலை வரைக்கும் போகிறார்களாம். எங்கள் ஊரில் பெண்கள் முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்களின் ராஜ்ஜியம்.

முச்சந்தியிலிருந்து மயானத்துக்குப் போவது செம்மண் பாதை. நடுவில் ஒரு ஓடை, அதன்மேல் கையகலக் குழாய் ஒன்றைப் போட்டு மண் மூடியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழாய் பாதி தண்ணீரைத்தான் விழுங்கும். மீதி பாதைமேல் ஏறி ஓடும். என் அம்மா அப்படி ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். வேன் ஓடையில் நின்றுவிட்டது. ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் முச்சந்தியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு என் கணவர்தான் சொன்னார், குழியில் தண்ணீர் ஊற ஊற வாளியால் இறைத்துக்கொண்டே அம்மாவை இறக்கினார்களாம். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி, அந்தப் பாதை. மண்ணைக் கொட்டி உயர்த்த வேண்டும், பெரிய குழாயாகப் போட வேண்டும். அதற்காகச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எத்தனையோ முறை லீவு போட்டுவிட்டுப் போனேன். நம்பர் சீட்டு எடுத்து, உட்கார்ந்து, கவுண்டரில் சொன்னதையே திரும்பச் சொல்லி, தலைவரை வரச் சொல்லுங்கள் என்ற பதிலோடு திரும்பினேன். எங்கள் தலைவருக்கோ இரண்டு முழங்காலும் போய்விட்டது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதையாக அது இழுத்துக்கொண்டே போயிற்று.

ஒருநாள் தலைவர் மகன் வீட்டோடு இருக்கப் போவதாகச் சொல்லிப் பதவியை விட்டார். நானே தலைவராகிவிட்டால் அந்தக் கவுண்டரில் வேறு பதில் சொல்ல முடியாதே என்று கணக்குப் போட்டேன். பொருளாளரும் ஒத்துக்கொண்டார். என்னைவிட இளையவர், டயர் கடை வைத்திருப்பவர், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் சர்வாதிகாரி. "நீங்கதான்கா. வேற யாரு இருக்கா?" என்று அவரே வந்து சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு பூனையும் வந்தது.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். லாபிஸ் பக்கம் லோரி ஓட்டி ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டார். கூட்டத்துக்கு வந்தால் மீ கோரேங்கைச் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். வெள்ளத்தன்று பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தை தன் பூனைக்காக அழுததைப் பார்த்து, இவர் தண்ணீரில் இறங்கி, துணி துவைக்கும் பிளாஸ்டிக் பேசினில் பூனையை வைத்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். மலாய்ச் செய்தித் தளம் ஒன்று அதை வாங்கிப் போட்டது. தலைப்பு, "டத்தோ ரெடா பஞ்சீர், செலாமாட்கான் கூச்சிங்."

வெள்ளத்தில் இறங்கிப் பூனையைக் காப்பாற்றிய தாத்தா. அவ்வளவுதான் அதற்குப் பொருள். மலாயில் தாத்தாவும் டத்தோதான், பட்டம் வாங்கிய பெரிய மனிதரும் டத்தோதான். தாத்தா ஆவதற்குப் பேரன் போதும். பட்டத்துக்கு வேறு தகுதிகள் வேண்டும் என்று சொல்கிறார்கள். மலாய்க்காரர்கள் தலைப்பைப் பார்த்தார்கள், தாத்தா என்று படித்தார்கள், சிரித்தார்கள், அடுத்த படத்துக்குப் போனார்கள். நம் ஆட்கள் பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவர்கள். பாசாரில் மீன் விலையை மலாயில் அடித்துப் பேசி இறக்குகிறவர்கள். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கண்டால் மட்டும் எங்களுக்குக் கண் மங்கி, முதுகு தானாக வளைந்துவிடும்.

ஒரு தமிழ் முகநூல் பக்கம் அதை உடனே மொழிபெயர்த்தது. "வெள்ளத்தில் குதித்துப் பூனையைக் காத்த டத்தோ." குதித்து என்பது அவர்கள் சேர்த்த உப்பு. பொருளாளர் அதை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மாலைக்குள் அவருடைய படத்தைச் சுற்றித் தாமரை முளைத்திருந்தது. அதற்கடுத்து வந்ததில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், அதற்குள் பூனை. "நம் இனத்தின் பெருமை" என்று ஒருவர் எழுதினார். "அன்றே சொன்னேன்" என்று இன்னொருவர் எழுதினார். என்றைக்கு, யாரிடம், என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள் எல்லாரும் அந்த ஒரு பூனையைப் பார்த்து ஒரே பக்கம் குதித்துவிட்டார்கள்.

நான் டயர் கடைக்கே போனேன்.

"தம்பி, அது தாத்தா டத்தோ லா. பட்டம் இல்ல."

"அக்கா, நியூஸ்லயே போட்டுட்டான். விசாரிக்காமலா போடுவான்?"

"அவருக்குப் பட்டம் குடுத்தா நமக்குத் தெரியாமலா போகும்? எங்க வரிசையிலதான் இருக்காரு."

"லாபிஸ்ல இருந்தப்ப குடுத்திருப்பாங்க."

"லாபிஸ்ல ரயில் நிக்கும் தம்பி. இறங்கறவங்களுக்கெல்லாம் பட்டமா குடுக்கறாங்க?"

அவர் டயரிலிருந்து ஆணி ஒன்றைப் பிடுங்கி என்னிடம் காட்டினார், அதுதான் பதில் என்பதுபோல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. மயானத்துக்குப் போறப்ப தலைவருதான் வேனுக்கு முன்னால நடக்கணும். நீங்க எப்படிக்கா நடப்பீங்க?"

"நீ வந்து சொன்னப்ப இது தெரியலையா?"

"அப்ப டத்தோ இல்லையேக்கா."

அங்கிருந்து நேரே பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலி ஓரமாக நின்று, வெள்ளச் சேறு படிந்த செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கையில் நீளமாகப் பிளாஸ்திரி.

"வாங்கம்மா. நீங்களும் வாழ்த்துச் சொல்லவா வந்தீங்க?"

"இல்லண்ணே. சண்டை போட வந்தேன்."

"நல்லது. காலையிலேருந்து நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா பேசறீங்க." அவர் உட்கார்ந்துகொண்டார். "குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டேன். எனக்குப் பட்டமெல்லாம் இல்ல, நான் சாதாரண லோரிக்காரன்னு சொன்னேன். அதுக்கும் எல்லாரும் கைகூப்பிப் படம் அனுப்பறாங்க. அந்தப் பூனை என்னைப் பிறாண்டிருச்சு, ஊசி போட்டேன். அதை மட்டும் யாரும் போடல."

அந்த வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டிருந்தேன். அதன் கீழே பொருளாளர் எழுதியிருந்தது, "நிறைகுடம் தளும்பாது." உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறார்கள். பொய் சொல்லியிருந்தால் கம்பீரம் என்றிருப்பார்கள். இப்படிப்பட்ட ஓட்டுக்காரர்களிடம் ஒரு மனிதன் தோற்க வேண்டுமென்றால் என்னதான் செய்ய முடியும்?

"நீங்களே நில்லுங்கம்மா. நான் ஒங்களுக்குத்தான் கை தூக்குவேன்," என்றார் பெரியவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பக்கத்து மண்டபத்தில். பொருளாளர் எழுந்து, பேசினில் பூனை வரும் வீடியோவைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். ஏற்கெனவே எல்லாரும் போனில் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த படம், ஆனாலும் கைதட்டினார்கள். வேனுக்குப் பெட்ரோல் ஊற்றியவள் யார், பிரேதத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தவள் யார் என்பதற்கெல்லாம் வீடியோ கிடையாது. சாவு வீட்டில் யார் கேமராவைத் தூக்குவார்கள்?

முன்வரிசையில் ஓர் அம்மாள், "எங்க வீட்டுக்காரர் போறப்ப ஒரு டத்தோ வந்து மாலை போட்டா எவ்வளவு மரியாதையா இருக்கும்," என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் அடுத்த நாற்காலியில் நல்ல ஆரோக்கியத்தோடு மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பொருளாளர் பெரியவரின் பெயரை முன்மொழிந்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "நான் வழிமொழிகிறேன்." எனக்கு நன்றாகப் பழகிய குரல். தினமும் காலையில், சட்டை எங்கே என்று கேட்கிற குரல். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெயரை நானே முன்மொழிந்துகொள்ள விதியில் இடமில்லை. அப்போது பெரியவர் எழுந்தார். "நான் டத்தோ இல்லீங்க. எனக்கு இந்த வேலையும் தெரியாது. இந்தம்மாதான் எல்லாம் பார்க்கிறாங்க. நான் இவங்க பேரைச் சொல்றேன்," என்றார். நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். யாராவது ஒருவர் வழிமொழிந்தால் போதும்.

பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? எதிராளி பேரையே சொல்ற மனசு. இதுக்குப் பேருதான் டத்தோ," என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பெயரை வழிமொழிய ஒரு கை எழவில்லை. என்னை ஆதரித்த ஒரே மனிதர் போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் தானாகவே ஆரம்பித்தார். "கோவப்படாத. ஒனக்கு ரோடுதானே வேணும்? டத்தோ போனா கதவு திறக்கும். நீ போனா நம்பர் சீட்டுதான் வரும்." குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். இரண்டு வாரம் அவருக்கு ரசமும் அப்பளமும்தான் கிடைத்தது. அவர் சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன்.

சாமி கேட்கவில்லை. பொருளாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து, டத்தோ வருகிறார் என்று ஒரே வரி சொன்னார். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். பாதை விவரம் இந்தம்மாவுக்குத்தான் தெரியும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்ததால் என்னையும் அழைத்தார்கள். கார் எங்களுடையது, ஓட்டியவர் என் கணவர், முன்சீட்டில் பொருளாளர். நம்பர் சீட்டுக் கருவியைத் தாண்டி நேராக உள்ளே போனோம். பழக்க தோஷத்தில் நான் ஒரு சீட்டை இழுத்துவிட்டேன். அது இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். பெரியவர் உட்காருவதற்கு முன்பே மலாயில் சொல்லிவிட்டார், "என்ச்சே, நான் டத்தோ இல்லை. பேரப்பிள்ளைக்கு மட்டும்தான் டத்தோ." அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். இவ்வளவு எளிமையாக நகைச்சுவை பேசும் டத்தோவைத் தான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் டத்தினா?" என்று கேட்டார். டத்தின் என்றால் டத்தோவின் மனைவி. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பொறியாளரை அழைக்கப் போனை எடுத்துவிட்டார். திறந்த வாயை மூடாமல், ஓடையின் ஆழம், குழாயின் அகலம், எந்த இடத்தில் மண் சரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டி, சரிதான் என்ற பொருளில் "பெத்துல், டத்தின்," என்று குறித்துக்கொண்டார். கவுண்டரில் நான் எத்தனையோ முறை சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை. அதே வாய், அதே மலாய், அதே குழாய்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய அதிகாரி, கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்த என் கணவரின் தோளைத் தட்டி, "பார்த்து ஓட்டு. டத்தின் இருக்கிறார்," என்றார். என் கணவர் கதவைச் சற்றுப் பலமாகவே சாத்தினார். அன்று மாலை அவருக்குக் கோழிக் குழம்பு வைத்தேன்.

பொருளாளரால் ஒரு செய்தியை வயிற்றில் வைத்திருக்க முடியுமா? காரிலிருந்தே குழுவில் போட்டுவிட்டார். அதிகாரியே டத்தின் என்று அழைத்தார், அதிகாரி சும்மா அழைப்பாரா, பட்டம் கொடுக்க மேலிடத்துக்கே பெயர் போயிருக்கிறது. ஏதோ கல்யாணத்தில் வாய் நிறையச் சோறோடு இருந்த என் படத்தைச் சுற்றித் தாமரை முளைத்தது. நான் பெரியவரின் மனைவி அல்ல, காரை ஓட்டியவரின் மனைவி என்று எழுதினேன். கைகூப்பிப் படங்கள் வந்தன. நிறைகுடம் வந்தது. மூன்றாவது முறை விளக்கம் எழுதப் போனபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்த மழைக்கு முன்பே பாதை உயர்ந்துவிட்டது. ஓடைக்கு ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குக் குழாய் போட்டு, மேலே தார் ஊற்றினார்கள். திறப்பு விழாவுக்கு முச்சந்தியில் பந்தல் போட்டோம். பேனரில் பெரிய எழுத்தில், டத்தோவின் சீரிய முயற்சியால் என்று இருந்தது. ஒரு மூலையில் பூனையும் இருந்தது. பெரியவர் பேனருக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

ரிப்பன் வெட்டியதும் ஆண்கள் நடக்க ஆரம்பித்தார்கள். பெண்கள் வழக்கப்படி பந்தலிலேயே நின்றார்கள். நானும் நின்றேன். குடை பிடித்துக்கொண்டு நின்றேனே, அதே இடம். இந்தப் பாதையின் ஒவ்வொரு அடியையும் கேள்விப்பட்டே மனப்பாடம் செய்தவள், அதில் ஒரு அடி வைக்க முடியாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொருளாளர் திரும்பிப் பார்த்தார்.

"டத்தின், நீங்க வாங்க. நீங்க வந்தாதான் மரியாதை."

"பொம்பளைங்க போகக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அது பொம்பளைங்களுக்குக்கா. நீங்க டத்தின்."

அறைந்துவிடலாமா என்று வந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் வந்தது. முன்னால் நின்ற பெரியவர், "வாங்கம்மா. ஒங்க ரோடு," என்றார். நடந்தேன். பின்னால் சலசலப்புக் கேட்டது. டத்தோவின் மாலைக்கு ஆசைப்பட்ட அந்த அம்மாள், "டத்தின்கூட வந்தா தப்பில்ல," என்று சொல்லிக்கொண்டு சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற பெண்களும் வந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

மயானம் நான் நினைத்ததைவிடச் சின்னது. தகரக் கொட்டகை ஒன்று, லாலாங் புல், வரிசை தப்பிய மேடுகள். என் கணவர் முன்னால் போய், ஓடைப் பக்கமாக இருந்த சிமெண்டுக் கல் ஒன்றின் அருகில் நின்று என்னைப் பார்த்தார். அங்கே பாதிப் புல், பாதி சேறு. அந்த வாளித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. செயலாளருக்கும் மகளுக்கும் கிடைக்காத வழி, இல்லாத ஒரு டத்தினுக்குத் திறந்திருந்தது.

கல்லில் கை வைத்தேன். வந்திருப்பது யார் என்று அம்மாவுக்குக் குழப்பம் வரக்கூடாது. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, பட்டம் எதுவும் சேர்க்காமல், என் பெயரைச் சொன்னேன்.